நாலு மூலைக்கும் மஞ்சள்

அழகுமலை முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான் வந்தது, கண்ணுக்கு வரவில்லை. இலுப்பூரில் அவர் தெருவில் யாராவது சும்மா சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறான் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போவார். நகைக்கடையில் இலவசக் காலண்டர் கொடுத்தால் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதாவது அச்சடித்திருக்கிறானா என்று புரட்டுவார். பக்கத்து வீட்டில் மாம்பழம் கொடுத்தனுப்பினால் பழத்தை விட்டுவிட்டுக் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்ப்பார். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அழகுமலை பல்லோடு விடமாட்டார், குளம்பையும் தூக்கிப் பார்ப்பார்.

அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருப்பவன் முகத்தில்தான் பஸ்ஸிலேயே அதிகமான நிம்மதி தெரியும் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை. எவன் ரொம்ப சாந்தமாக ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கிறானோ அவனிடம்தான் முதலில் கையை நீட்டுவார். பத்தில் எட்டுத் தடவை ஆள் சிக்குவான். மற்ற இரண்டு பேரிடமும் அவர் மன்னிப்புக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

இப்படிப்பட்டவரின் போனில் தினமும் காலை ஆறரைக்கு இலவசம் என்ற வார்த்தை வந்து விழுந்தால் எப்படி இருக்கும்? அனுப்புகிறவர் கீழவீட்டு முத்துராஜ். அழகுமலைக்குப் பங்காளி முறை, தம்பி. அன்னவாசலில் வீடு, அங்கேயே ஓர் ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்கள் காலை வணக்கம் என்று ரோஜாப்பூவும் குத்துவிளக்கும் அனுப்பும்போது, முத்துராஜ் மட்டும் ‘இன்றைய கணினிக் குறிப்பு’ என்று ஒன்று அனுப்புவார். தெரியாமல் எதையாவது அழித்துவிட்டால் கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அமுக்குங்கள், போனது வரும். கல்யாணப் போட்டோக்களை ஒரே இடத்தில் வைக்காதீர்கள், பென்டிரைவில் இன்னொரு பிரதி வையுங்கள். பாஸ்வேர்டை எழுதி மானிட்டரிலேயே ஒட்டாதீர்கள். கடிதம் எழுத, படம் திருத்த, வைரஸ் பார்க்க இன்னின்ன மென்பொருள்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. இப்படி இருநூறு குறிப்புக்கு மேல் போய்விட்டது. யாரும் கேட்கவில்லை. குழுவில் உள்ளவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு இட்லி சாப்பிடப் போய்விடுவார்கள்.

அழகுமலை கட்டைவிரலையும் தூக்கவில்லை. ஒருத்தன் பத்துப் பைசா வாங்காமல் தினமும் விடிந்ததும் விடியாததுமாக ஊருக்கு உழைக்கிறான் என்றால் அவனுக்கு அதில் என்ன வரும்படி என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. புரியாதது எதுவும் அவருக்குப் பிடிக்காது. ஒரு குறிப்பைக்கூட அவர் கடைசிவரை படித்ததில்லை.

ஆனால் முத்துராஜைத் தள்ளிவைக்கவும் முடியாது. காரணம் கோயில். நார்த்தாமலைக்குப் போகிற வழியில் ஒரு பாறைக்குக் கீழே ஆலடிக் கருப்பர் இருக்கிறார். மேலவீடு, கீழவீடு என்ற இரண்டு வகையறாவுக்கும் அவர்தான் குலதெய்வம். எட்டு வருஷத்துக்கு முன்னால் கும்பாபிஷேகப் பத்திரிகையில் எந்த வீட்டுப் பெயர் முதலில் வருவது என்று சண்டை வந்தது. மேலவீட்டுக்காரர்கள் கோயிலுக்கு ஒரு பூட்டுப் போட்டார்கள். கீழவீட்டுக்காரர்கள் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பூட்டுப் போட்டார்கள். ஒரு சாவி அழகுமலை வீட்டில், இன்னொரு சாவி முத்துராஜ் வீட்டில். கையில் அரிவாளோடு நிற்கிற கருப்பர், இரண்டு பூட்டுக்கு உள்ளே எட்டு வருஷமாகப் பேசாமல் நின்றுகொண்டிருந்தார்.

பூட்டுப் போட்டதற்கு மறுவருஷம் பிறந்தவள் ஹரிணி, அழகுமலையின் மகன் வயிற்றுப் பேத்தி. ஏழு வயதாகியும் அவளுக்கு இன்னும் காது குத்தவில்லை. அந்தக் குடும்பத்தில் காதுகுத்து கருப்பர் சந்நிதியில்தான். மருமகள் காவ்யா வேறு ஏதாவது கோயிலில் குத்திவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை கேட்டும் பார்த்தாள். குலதெய்வத்தைத் தாண்டிப் போனால் அது நல்லதற்கில்லை என்று அழகுமலைதான் தடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் மற்றப் பெண்பிள்ளைகள் தோடும் ஜிமிக்கியுமாக வர, ஹரிணி ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் காதில் ஒட்டிக்கொண்டு போவாள். மத்தியானத்துக்குள் வியர்வையில் ஒன்று கழன்று விழுந்துவிடும். ஒற்றைக் காதோடு வீடு திரும்பும் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் அழகுமலை கோயில் சாவியை ஒரு தடவை எடுத்துப் பார்ப்பார். ஆனாலும் பூட்டைத் திறக்க முதலில் போகிறவன் தோற்றவன் அல்லவா.

இந்த வருஷம்தான் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். பத்திரிகையில் மேலவீட்டுப் பெயர் முதலில் வரும், கோயிலில் பரிவட்டம் கீழவீட்டுக்கு முதலில் கட்டப்படும். தை மாதத்தில் தேதி குறித்தாயிற்று. குவைத்தில் வேலை பார்க்கும் மகன் சிவபிரகாஷ், மகளுக்குக் காதுகுத்து என்று சொல்லிப் பத்து நாள் லீவு வாங்கினான். அவனுடைய இடத்தில் ஒரு நேரத்தில் ஒருத்தருக்குத்தான் லீவு, அதுவும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அப்பா வருகிறார் என்றதும் ஹரிணி காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள்.

பத்திரிகைக்கான பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்கிற வேலை அழகுமலைக்கு வந்தது. வேறு யார் செய்தாலும் அவர் நம்பப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். சிவபிரகாஷ் விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் கிடந்தது. அதைத் திறந்தாலே ஏதோ எச்சரிக்கை கறுப்புப் பட்டையாக வந்து நிற்கும். சரி செய்து தருகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துராஜ் பென்டிரைவோடு வந்தார்.

வந்தவர் ஒரு மணி நேரம் அதைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அண்ணே, கடைக்காரன் இதுல போட்டுக் குடுத்தது எல்லாமே திருட்டு காப்பி. இத்தன வருசமா நீங்க இதுல டிக்கெட் எடுக்காமத்தான் போயிருக்கீங்க.”

அழகுமலைக்குச் சுருக்கென்றது. அவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல மூன்று மாவட்டத்தில் ஆள் கிடையாது. முத்துராஜ் அதைக் கவனிக்காமல் பழையதையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு, கடிதம் எழுதுகிற மென்பொருள் ஒன்றும் தமிழில் அடிக்கிற மென்பொருள் ஒன்றும் போட்டார். இரண்டும் உலகம் பூராவும் பலபேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டவை, இதற்குக் காசு கொடுக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம் என்று விளக்கினார். முன்னால் இருக்கும் எழுத்தை அழிக்கக் கீபோர்டில் எந்தக் கட்டை, பின்னால் இருப்பதை அழிக்க எந்தக் கட்டை என்றும் காட்டிக் கொடுத்தார். காப்பியைக் குடித்துவிட்டு, கூலி என்று ஒரு வார்த்தை பேசாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கூலி கேட்காமல் போனதுதான் அழகுமலையை உறுத்தியது. பலபேர் சேர்ந்து எழுதியது என்றானே, அந்தப் பலபேரில் இவனும் ஒருத்தனோ? திரைக்கு மேலே நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அது என்ன என்று கேட்டபோது கேமரா என்று சொல்லியிருந்தார். அழகுமலை அன்று சாயங்காலமே வயர் ஒட்டுகிற கறுப்பு டேப்பில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி அந்த ஓட்டையை மூடி ஒட்டினார். கறுப்புச் சட்டத்தில் கறுப்பு டேப், ஒட்டினது அவருக்கே தெரியவில்லை. கண்ணைக் குத்தியாகிவிட்டது, இனி எவன் பார்க்கிறான் பார்ப்போம் என்று நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து வேலையை ஆரம்பித்தார். குளித்துவிட்டுத் திருநீறு பூசி உட்கார்ந்த பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. நல்ல காரியத்துக்கான காகிதம் எதுவானாலும் நாலு மூலைக்கும் மஞ்சள் வைத்துத்தான் எழுத ஆரம்பிப்பது வழக்கம். இங்கே காகிதம் எங்கே இருக்கிறது? திரையில் மஞ்சளைப் பூசினால் எழுத்துத் தெரியாது. சற்று யோசித்துவிட்டு, மஞ்சளைக் குழைத்து எழுத்துக் கட்டைகள் இருக்கும் பலகையின் நாலு மூலைக்கும் விரலால் ஒவ்வொரு பொட்டு அழுத்தி வைத்தார். கருப்பரை வேண்டிக்கொண்டு பிள்ளையார் சுழி போட்டார். இரண்டு விரலால் தேடித் தேடி அடித்து, சாயங்காலத்துக்குள் அறுபத்திரண்டு பெயரையும் ஏற்றிவிட்டார். முதல் பெயர் அவருடைய அப்பா, ‘திரு. அய்யாக்கண்ணு, மேலவீடு’. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

மறுநாள் காலை அதையே மறுபடி பார்க்க ஆசைப்பட்டுத் திறந்தார். இறந்துபோனவருக்குத் ‘திரு’ போதாது, ‘அமரர்’ என்று இருக்க வேண்டும் என்று தோன்றியது. அப்பா பெயருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, முத்துராஜ் காட்டிய கட்டையைத் தட்டித் ‘திரு’வை அழித்தார். விரலை எடுத்தார். அழிவது நிற்கவில்லை. புள்ளி போனது. ‘அய்’ போனது. ‘யாக்’ போனது. அவர் கண் எதிரிலேயே, கை படாமல், அப்பாவின் பெயர் முதலெழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கரைந்து போனது. அதற்கடுத்துச் சித்தப்பா பெயரும் போகத் தொடங்கியபோது அழகுமலை பதறிப்போய் லேப்டாப்பை அறைந்து மூடினார்.

அவருக்கு உடம்பு வியர்த்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் எல்லாம் அமைதியாக இருந்தது, போன பெயர்கள் மட்டும் இல்லை. மறுபடி அடித்தார். இந்தத் தடவை நேராகவே ‘அமரர்’ என்று போட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது ‘தெய்வத்திரு’ என்றால் இன்னும் கம்பீரமாக இருக்குமே என்று ‘அமரர்’ஐ அழிக்கப் போனார். மறுபடியும் அதே கூத்து. அப்பாவைத் தின்று தீர்த்துவிட்டுத்தான் நின்றது.

இனிமேல் அழகுமலைக்குள் இருந்த இன்ஸ்பெக்டர் சும்மா இருப்பாரா? வீட்டில் இன்டர்நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். பிடுங்கிய பிறகும் தின்றது. அப்படியென்றால் வெளியிலிருந்து செய்யவில்லை, உள்ளேயே எதையோ குடிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். அடுத்து ஒரு பொறி வைத்தார். கீழவீட்டுப் பெயர்கள் இருக்கிற இரண்டாம் பக்கத்துக்குப் போய், எதையும் தொடாமல் அரைமணி நேரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். ஓர் எழுத்து அசையவில்லை. கீழவீட்டுப் பெயர்களைத் திருத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அதனால் அந்தப் பக்கம் எதையும் அழிக்கப் போகவும் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மேலவீட்டை மட்டும் தின்கிறது, கீழவீட்டைத் தொடவில்லை, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்.

காவ்யா, ஒரு வார்த்தை முத்துராஜ் மாமாவிடமே கேட்டுப் பார்க்கலாமே என்றாள். திருடனிடமே போய் டிக்கெட் எடுத்தாயா என்று கேட்டால் எடுத்தேன் என்றுதான் சொல்வான் என்று அவளை அடக்கினார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், பங்காளிகள் எல்லோரும் இருக்கிற குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டார்.

“நான் முப்பத்தோரு வருசம் செக்கிங்ல இருந்தவன். யாரு மொகத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். முத்துராஜு, ஓசியில கம்ப்யூட்டரச் சரி பண்றேன்னு எங்க வீட்டுக்குள்ள வந்து, எங்கப்பா பேர மட்டும் திங்கிற மாதிரி எதையோ வச்சுட்டுப் போயிருக்க. பத்திரிகையில மொதப் பேரு வரலைங்கிற வயித்தெரிச்சல் ஒனக்கு இன்னும் போகல. சமாதானம்னு கைய நீட்டிட்டு மறுகையில கத்திய வச்சிருக்கியே, கருப்பரு பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு.”

போட்டு முடித்ததும் அவருக்கு ஒரு பஸ் முழுக்க செக்கிங் முடித்து இறங்கிய திருப்தி இருந்தது. அரைமணி நேரம் கழித்து முத்துராஜிடமிருந்து எழுத்தில் பதில் வந்தது. “அண்ணே, ஒங்க கம்ப்யூட்டருக்குள்ள வர எனக்கு வழியும் இல்ல, அவசியமும் இல்ல. எங்க வீட்டுச் சாவி எங்ககிட்டயே இருக்கட்டும்.” அவ்வளவுதான். முத்துராஜ் குழுவிலிருந்து வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது. அதைத் தொடர்ந்து கீழவீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார் என்று பத்தொன்பது வரி வந்தது. மறுநாள் காலை ஆறரைக்குக் குறிப்பும் வரவில்லை.

இரண்டாம் நாள் சிவபிரகாஷ் போன் செய்தான். கோபமாகப் பேசியிருந்தால்கூட அழகுமலை பதில் சொல்லியிருப்பார். அவன் களைத்துப் போன குரலில் பேசினான்.

“கோயிலே தொறக்காதுன்னா நான் வந்து என்னப்பா பண்ணப் போறேன். இங்க கூட வேலை பாக்குற தமிழ்செல்வனோட அம்மாவுக்கு ஆபரேஷன். லீவு கெடைக்காம அழுதுக்கிட்டு இருந்தான். என் லீவ அவனுக்குக் குடுத்துட்டேன்.”

அழகுமலை முத்துராஜைத் திட்டினார். தன் மகனின் லீவையும் சேர்த்து அவன்தான் தின்றுவிட்டான் என்றார். ஹரிணி காலண்டரைப் பார்த்தாள், பென்சிலை எடுக்கவில்லை. அவள் அழுதிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை. காவ்யா ஏதோ பரீட்சைக்கு விண்ணப்பம் எழுத லேப்டாப்பைத் திறந்தாள். சற்று நேரத்தில் மாமா இங்கே வாங்க என்று கூப்பிட்டாள். ஓர் எழுத்தைத் திருத்தப் போனதும், அவள் எழுதியதையும் அது தின்றுகொண்டிருந்தது. அழகுமலைக்கு ஒரு கணம் சந்தோஷம்தான், இதோ இன்னொரு சாட்சி. ஆனால் காவ்யா போனில் எதையோ தேடிப் படித்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்குக்கு முன்னால் முத்துராஜ் அனுப்பிய குறிப்பு அது. எழுத்து தானாக ஓடினாலும் தானாக அழிந்தாலும் பதற வேண்டாம், திரையில் வருகிற கீபோர்டைத் திறந்து வையுங்கள், எந்தக் கட்டை சிக்கிக்கொண்டிருக்கிறதோ அது மினுங்கிக்கொண்டே இருக்கும், பிறகு நிஜக் கீபோர்டைக் கவிழ்த்து லேசாகத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள் என்று இருந்தது.

அவள் அப்படியே செய்தாள். திரையில் ஒரு கீபோர்டுப் படம் வந்தது. வலதுபக்க மேல் மூலையில் ஒரு கட்டை மட்டும், யாரும் தொடாமலே, அழுந்தி மினுங்கியது. அழிக்கிற கட்டை. காவ்யா காது குடைகிற பட்ஸ் ஒன்றை எடுத்து, கை துடைக்கிற ஸ்பிரிட்டில் நனைத்து அந்தக் கட்டையின் இடுக்கில் விட்டுச் சுற்றினாள். பஞ்சு மஞ்சளாக வெளியே வந்தது. மற்ற மூன்று மூலையிலும் அதேபோல மஞ்சள், காய்ந்து பொருக்காகிப் போயிருந்தது.

“மாமா, இதுல மஞ்சத் தடவுனது யாரு?”

அழகுமலை முதலில் முத்துராஜின் கையில் மஞ்சள் இருந்ததா என்றுதான் யோசித்தார். பழக்க தோஷம். பிறகு அவருடைய வலதுகைச் சுட்டுவிரல் அவருக்கே நினைவுக்கு வந்தது. நாலு மூலைக்கும் அழுத்தி வைத்த விரல். ஈரமாக இருந்தவரை அது ஒன்றும் செய்யவில்லை. இரவு காய்ந்த பிறகு, அழுத்திய கட்டை எழுந்திருக்க முடியாமல் ஒட்டிக்கொண்டு, எதிரில் இருந்ததையெல்லாம் அழித்திருக்கிறது. எதிரில் இருந்தது எப்போதும் அப்பா பெயர்தான், ஏனென்றால் அவர் போய் நின்றது எப்போதும் அங்கேதான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. காவ்யா மஞ்சளான பட்ஸை அவர் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவமானம் என்பது இவ்வளவு சூடாக இருக்கும் என்று அழகுமலைக்கு அறுபத்துநாலு வயதில்தான் தெரிந்தது.

உடனே மகனுக்குப் போன் செய்தார். தமிழ்செல்வன் முந்தின நாளே விமானம் ஏறிவிட்டான்.

பட்ஸைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்னவாசல் பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் பையன் அவரை அடையாளம் கண்டு, சார் சும்மா உட்காருங்க என்றான். அழகுமலை பிடிவாதமாகக் காசைக் கொடுத்து டிக்கெட்டை வாங்கி, இறங்குகிற வரைக்கும் கையிலேயே பிடித்திருந்தார்.

முத்துராஜ் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாங்கண்ணே என்று கூப்பிட்டார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. அழகுமலை காகிதத்தைப் பிரித்து மஞ்சள் பட்ஸைக் காட்டி நடந்ததைச் சொன்னார். வரும் வழியெல்லாம் எத்தனையோ பேச்சுத் தயார் செய்து வந்திருந்தார். கடைசியில் வந்தது ஒரே வரிதான்.

“தம்பி, டிக்கெட் எடுக்காத ஆளு நாந்தான்.”

முத்துராஜ் பட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க என்னைத் திட்டுனது எல்லாரும் கேட்டாங்கண்ணே. எம் பொண்ணு கேட்டா. இத மட்டும் எங்கிட்ட தனியா வந்து சொன்னாப் போதுமா?”

நியாயமான கேள்வி. அழகுமலை அங்கேயே போனை எடுத்தார். மஞ்சள் வைத்தது நான், அப்பா பெயரை அழித்தது என் விரல், முத்துராஜ் மேல் சொன்னது அத்தனையும் பொய் என்று பதிவு செய்து, மேலவீட்டுக்காரர்கள் மட்டும் மிச்சமிருந்த குழுவில் போட்டார். பிறகு கீழவீட்டுக்காரர்கள் பத்தொன்பது பேருக்கும் தனித்தனியாக அதையே அனுப்ப வேண்டியிருந்தது. அதை எப்படி மொத்தமாக அனுப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை, முத்துராஜும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றாக அனுப்பி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. முடிந்ததும் முத்துராஜ் உள்ளே போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

தை மாதம் குறித்த தேதியிலேயே இரண்டு பூட்டும் திறந்தன. கும்பாபிஷேகம் முடிந்து, பரிவட்டம் கட்டி, ஹரிணியின் காதுகுத்துக்கு ஏற்பாடு நடந்தது. தாய்மாமன் அறிவுமதி மடியில் ஹரிணி பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்திருந்தாள். ஊசியைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிப்போனது. அப்பா பார்த்தால்தான் குத்திக்கொள்வேன் என்றாள். சின்னப் போனில் ஒரு மூலையில் மகன் தெரிவதை அழகுமலை ஒப்பவில்லை. பங்காளிகள் எல்லோரும் அவனைப் பார்க்கும்படி லேப்டாப்பைக் கொண்டு வந்திருந்தார். காசில்லாமல் முகம் பார்த்துப் பேசுகிற மென்பொருள் ஒன்றை முத்துராஜ் அதில் போட்டு, தன் போனிலிருந்தே இன்டர்நெட்டும் கொடுத்தார். பாறைக்குக் கீழே சிக்னல் வராது. அதனால் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறை மேல் ஏறி நின்றார்.

திரையில் சிவபிரகாஷ் வந்தான். ஹரிணி அப்பா என்று கத்தினாள். அழகுமலை லேப்டாப்பை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பேத்தியைப் பார்க்கத் திருப்பிப் பிடித்தார். காது குத்த வந்த பத்தர் வலது காதைத் தடவிப் பார்த்தார்.

“அப்பா, சத்தம் கேக்குது, ஒண்ணும் தெரியல. ஒரே இருட்டா இருக்கு,” என்றான் சிவபிரகாஷ்.

அழகுமலை பாறையைப் பார்த்து, சிக்னலை விட்டுவிட்டாயா என்று முத்துராஜை நோக்கிச் சத்தம் போட்டார். கை கடுக்க நின்ற முத்துராஜ், இல்லண்ணே முழுசா இருக்கு என்று கத்தினார். இவன் இருக்கிறது என்கிறான், மகன் தெரியவில்லை என்கிறான், யாரோ ஒருத்தன் பொய் சொல்கிறான் என்று அழகுமலையின் புத்தி அந்த இடத்திலும் பழைய பாதையில் ஓடியது. நாதஸ்வரம் கிளம்பியது. ஹரிணி வீறிட்டாள். வலது காது முடிந்தது.

அப்போதுதான் லேப்டாப்பைத் தன் பக்கம் சாய்த்துப் பார்த்தவர் கண் திரையின் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தின் மேல் விழுந்தது. பேத்தி தெரிய வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

“பத்தரே, கொஞ்சம் பொறுங்க,” என்றார். லேப்டாப்பை முழங்காலில் சாய்த்துக்கொண்டு, திரையின் மேல் சட்டத்தில் நகத்தால் சுரண்டினார். டேப் கோந்து பிடித்து வர மறுத்தது. சுரண்டச் சுரண்ட அவர் கண்ணில் நீர் முட்டியது. கடைசியில் பிய்ந்து வந்ததும் மறுபடி பேத்தி பக்கம் திருப்பினார். திரையின் அந்தக் கட்டத்தில் அழுத கண்ணோடு ஹரிணி தெரிந்தாள். குவைத்தில் சிவபிரகாஷ் முன்னால் குனிந்து, தங்கம், அப்பா இங்கதான் இருக்கேன் என்றான். இடது காது குத்தும்போது அவள் அவ்வளவாக அழவில்லை.

தோட்டைப் போட்டதும் ஓடி வந்து திரைக்கு முன்னால் காதைக் காட்டினாள். “அப்பா, இந்தக் காது குத்துனதப் பாத்தியா?”

“பாத்தேன்டா.”

“அந்தக் காது?”

சிவபிரகாஷ் ஒரு நொடி தயங்கினான். “அதையுந்தான் பாத்தேன்.”

முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ பொய்யை முகத்தைப் பார்த்தே பிடித்தவர் அழகுமலை. அந்தப் பொய்யை அவர் பிடிக்கவில்லை. லேப்டாப்பை மட்டும் ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாறையிலிருந்து இறங்கி வந்த முத்துராஜ் கடுத்த தோளைத் தேய்த்துக்கொண்டே, “சிவா நல்லாப் பாத்தானாண்ணே?” என்று கேட்டார்.

அழகுமலை வலது கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். நகக்கண் அளவுக்குக் கறுப்பு டேப் அதில் ஒட்டியிருந்தது.

“பாதிதான் பாத்தான் தம்பி,” என்றார். “மறுபாதிய நான் மறைச்சுட்டேன்.”